விளிம்பில் இருந்த பெயர்

மடவார் வளாகத்தில் எனக்கு வெள்ளிக்கடை. போன ஐப்பசியில் ஒரு அக்கா, கறுத்துப்போன மெடல் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"எங்க தாத்தா வெள்ளைக்காரச் சிப்பாய், அண்ணாச்சி. சண்டையில தைரியமா நின்னதுக்குக் குடுத்தது. எங்கப்பா கைக்குழந்தையா இருக்கும்போதே சீமைக்குப் போயிட்டாக. கறுப்பை எடுத்து, எழுத்துத் தெரியுற மாதிரி குடுங்க."

மெடல் முகப்பில் பொறித்திருந்த ராஜா தலையைச் சுற்றியிருந்த எழுத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். எந்த வெள்ளி வந்தாலும் அசல்தானா என்று முதலில் விளிம்பில் அரம் போட்டு உரசிப் பார்ப்பது என் கைப்பழக்கம். விளிம்பு சொரசொரவென்று இருந்ததால் சுற்றிலும் இழுத்து வழவழப்பாக்கினேன். பிறகு பளபளவென்று துலக்கி நீட்டினேன்.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓரத்துலதான் தாத்தா பேரும் பட்டாள நம்பரும் வெட்டியிருந்துச்சு. அதைச் சொல்லி சீமைக்கு எழுதிக் கேட்டா போட்டோ கிடைக்கும்னு மகன் சொன்னான். கறுப்புல படிக்க முடியல; எங்களுக்கு அவிய பேருகூடத் தெரியாது. அவிய முகத்தை நாங்க பார்த்ததே இல்ல."

அவர் திட்டவில்லை. "அரம் போட்ட அந்தத் தூளு இருக்கா, அண்ணாச்சி?" என்று கேட்டார்.

பலகையில் கிடந்ததைக் கூட்டிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். மெடலோடு சேர்த்து அதையும் முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

அந்தப் பெயரைக் கடைசியாகத் தொட்டவன் நான். ஒரு தடவை படித்திருக்கலாம்.