ஒன்பதாவது பங்கு

"ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு..." நிலக்கரி லாரியின் கியரை மாற்றும்போதெல்லாம் சூயுன்பெக்கின் வாய்ப்பாடும் ஒரு படி ஏறும். கணவாயின் கடைசி வளைவில் வண்டி முனகும். எட்டேழில் இவரும் முனகுவார். "எட்டேழு... அம்பத்து..." அதற்குள் இறக்கம் வந்துவிடும். இறக்கத்தில் வாய்ப்பாடு சொல்ல மாட்டார். பிரேக்குக்குக் கொடுக்கிற மரியாதை.

நாற்பத்தாறு வயது. எட்டாம் வகுப்பின் நடுவில் ஆட்டுக்கூட்டத்தோடு மலையேறிப் போனவர், பள்ளிக்கூடத்துக்கு இறங்கி வரவேயில்லை. வெள்ளைக் கம்பளித் தொப்பியைத் தூங்கும்போது மட்டும் கழற்றுவார். அப்போதும் யார் காலும் படாத உயரத்தில் வைப்பார். இப்போது மாலைப் பள்ளியில், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்சில், முழங்கால் மேஜையைத் தூக்கிப்பிடிக்க உட்கார்ந்திருக்கிறார்.

காரணம் ஆம்புலன்ஸ். மேல் ஊர்களில் பிள்ளைவலி கண்டால் பெண்களை இவர் லாரியில்தான் ஏற்றுகிறார்கள். கரித்தூளுக்கு நடுவே இரண்டு குழந்தைகள் பிறந்துவிட்டன. ஒன்றுக்கு இவர் பெயர். மாவட்ட ஆஸ்பத்திரியில் வண்டி இருக்கிறது. பனிக்காலத்தில் கணவாய் ஏறத் துணிந்த ஓட்டுநர் இல்லை. "ஒன்பதாம் வகுப்புச் சான்றிதழைக் கொண்டா, சாவியை வாங்கிக்கோ" என்றுவிட்டார் தலைமை மருத்துவர். மற்ற பாடங்கள் தேறிவிட்டன. கணக்கு மட்டும் இரண்டு வருடமாகக் காலை வாருகிறது. போன வருடம் ஒரே ஒரு கேள்வியில் போயிற்று. இந்த வசந்தத்துக்குள் தேறாவிட்டால் சாவி வேறு ஆளுக்கு.

இத்தனைக்கும் பங்கு போடுவதில் ஊரில் இவரை மிஞ்ச ஆளில்லை. கல்யாணமோ கருமாதியோ, வெந்த ஆட்டுக்கறியை எலும்பு எலும்பாக எடுத்து வைக்க இவரைத்தான் கூப்பிடுவார்கள். இடுப்பெலும்பு மூத்தவருக்கு, தொடை அடுத்தவருக்கு, நெஞ்சுக்கறி மருமகனுக்கு. இடம் மாறினால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. இவர் வைத்து யாரும் முகம் சுளித்ததில்லை. வினையே அங்கேதான்.

கணக்கு டீச்சர் பெர்மெத்துக்கு இருபத்துநாலு வயது. ஒரு நாள் பலகையில் எழுதினாள்: இருபத்துநாலு கிலோ கறி, எட்டுப் பேர், ஆளுக்கு எவ்வளவு?

சூயுன்பெக் கையைத் தூக்கினார். "எட்டுப் பேர்ல மூத்தவர் யாரு டீச்சரம்மா?"

"வயசு குடுக்கலண்ணே. சமமாப் பிரிங்க."

"சமமாப் பிரிச்சா ரெண்டு பேராவது எந்திரிச்சுப் போயிடுவாங்க."

பின் பெஞ்சு டாக்சிக்காரன் ஓமுர்சக் விடுவானா? "அண்ணே, நீ ஆம்புலன்ஸ் எடுத்தா நோயாளியையும் வயசு பாத்துத்தான் ஏத்துவியா?"

"உன்னைக் கடைசியா ஏத்துறேன், கவலைப்படாத."

சிரிப்பு அடங்கியபின் கணக்கைப் போட்டார். இரண்டே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டும் மூன்றில் இரண்டும். பின்னமெல்லாம் அழகாக வந்திருந்தது. விடை மட்டும் தப்பு.

பெர்மெத் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "எட்டால வகுக்கச் சொன்னா ஏண்ணே ஒன்பதால வகுக்கிறீங்க?"

"சொல்லாம வர்ற விருந்தாளிக்கு?" என்றார் அவர், இதுகூடத் தெரியாதா என்கிற முகத்தோடு. "கடவுள் அனுப்புற ஆளு டீச்சரம்மா. அவருக்குன்னு ஒரு பங்கு எடுத்து வைக்காம எந்த வீட்டுல பந்தி போடுறாங்க?"

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் அப்படித்தான்.

"அவரு உங்க வீட்டுக்கு வரட்டும், நானும் வந்து பரிமாறுறேன்" என்றாள் பெர்மெத். "கணக்குக்குள்ள மட்டும் வர விடாதீங்க. கேள்வியில இருக்கிற ஆளுங்களுக்கு மட்டும் பங்கு."

"கல்நெஞ்சுக் கணக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால், எல்லாரும் பயப்படுகிற எக்ஸ் இவருக்கு உறவுக்காரர் மாதிரி. எக்ஸோடு நாலைக் கூட்டினால் பதினொன்று என்று எழுதியதும் முகம் மலர்ந்துவிட்டது. "நாலு பேர் உக்காந்தாச்சு. மொத்தம் பதினொண்ணு. ஏழு பேர் இன்னும் குதிரையில வந்துட்டிருக்காங்க." அன்று ஓமுர்சக்கே இவரைப் பார்த்துத்தான் எழுதினான்.

வீட்டில் மனைவி கனிஷாய் மாவு பிசைந்துகொண்டே கேள்வி கேட்பாள். "ஏங்க, அஞ்சு வீட்டுக்கு முப்பது ரொட்டி?" இவர் வாய் திறக்குமுன், "அஞ்சே வீடுதான். ஆறாவது வீட்டுக்கு நான் தனியாச் சுட்டுக்கிறேன்" என்பாள். 'வீட்டுக்கு ஆறு' என்று விடை சொல்லும்போது யாரையோ வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்தியதுபோல இருக்கும் அவர் முகம்.

தேர்வு நாள் காலையில் ஏப்ரல் பனி கொட்டிற்று. நகரத்திலிருந்து வந்த மேற்பார்வையாளர் அம்மாள் ஆளுக்கொரு பெஞ்சு ஒதுக்கினாள். "உக்காந்த இடத்தை விட்டு நகர்ந்தா தாளைப் பிடுங்கிருவேன்."

பத்துக் கேள்விகளில் ஆறு சரியாக வேண்டும். ஐந்து நிச்சயம் என்று சூயுன்பெக்குக்குத் தெரிந்தது. மிச்சத்தில் நம்பிப் போடக்கூடியவை இரண்டு: ஒரு வகுத்தல், ஒரு எக்ஸ். வகுத்தல் இப்படி: அறுபத்துமூன்று மூட்டை நிலக்கரி, ஏழு வீடு, சமமாக. பழக்கத்தில் எட்டு என்று கீழே எழுதிவிட்டார். பேனா நின்றது. ஜன்னலுக்கு வெளியே கொட்டும் பனியைப் பார்த்தார். இந்தக் குளிரில் எட்டாவது வீட்டுக்காரர் அடுப்புக்கு என்ன செய்வார்? அவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு எட்டை அடித்தார். ஏழு. விடை ஒன்பது, மீதியில்லை. கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது.

எக்ஸில் பாதி தாண்டியிருப்பார், கதவு திறந்தது. முழங்கால்வரை பனி அப்பிய ஒரு மேய்ப்பன், மூச்சு வாங்க, தேர்வுச் சீட்டை நீட்டியபடி நின்றான்.

"எல்லாப் பெஞ்சும் நிறைஞ்சாச்சு" என்றாள் மேற்பார்வையாளர். "அடுத்த வருஷம் வாங்க."

சூயுன்பெக் தலை நிமிரவில்லை. வலது கை இருபத்தாறிலிருந்து ஐந்தைக் கழித்துக்கொண்டிருந்தது. உடம்பு மட்டும் சுவரோரம் நகர்ந்துபோய், இடது கை காலியான பாதிப் பெஞ்சை இரண்டு தட்டுத் தட்டியது.