எக்ஸ்ரே அறையில் ரெண்டு பக்கமும் பயம்

எக்ஸ்ரே எடுக்கிறதுன்னா, பயந்துபோய் வர்றவங்களைப் படுக்க வெச்சு, அசையாதீங்கன்னு சொல்ற வேலை. காஞ்சிபுரத்துல ஒரு ஸ்கேன் சென்டர்ல பதினோரு வருஷமா இதைத்தான் செய்யுறேன். மெஷினைப் பார்த்தா உங்களுக்குப் பயம். நீங்க எதை மறைக்கிறீங்களோன்னு எனக்குப் பயம்.

சுவத்துக்குப் பின்னால

முதுகுவலின்னு வந்தவர் பட்டு நெய்யுறவர். "அசையாதீங்கண்ணா"ன்னு சொல்லிட்டு நான் தடுப்புச் சுவத்துக்குப் பின்னால போனதும், படக்குன்னு எழுந்து உட்கார்ந்துட்டார். "நீ மட்டும் ஏம்மா ஓடுற?"ன்னார். உங்களுக்கு எப்பவோ ஒரு படம், ஒரு நொடி. எனக்கு நாள் முழுக்க இதே வேலை, தினமும் கதிர் படக்கூடாது, அதான் ஒதுங்குறேன்னு எடுத்துச் சொன்னேன். படுத்தார். ஆனா கண்ணை என் மேலேருந்து எடுக்கல.

"தறியை ஓடவிட்டுட்டு நெய்யுறவன் தெருவுக்கு ஓடினா, அந்தப் புடவையை நீ கட்டுவியாம்மா?"ன்னார்.

கோயில் இட்லி

பேரியம்னு ஒரு வெள்ளைக் கரைசல். அதைக் குடிச்சா, அது வயித்துக்குள்ள இறங்குறதை டாக்டர் திரையில ஓட ஓடப் பார்ப்பார். அதுக்கு வெறும் வயித்தோட வரணும். வாலாஜாபாத்லேர்ந்து ஒரு பெரியவர் மகளோட வந்தார். "ஏதாவது சாப்டீங்களா?"ன்னு ரெண்டு தடவை கேட்டேன். இல்லவே இல்லைன்னார்.

திரையில பார்த்தா, இரைப்பைக்குள்ள கட்டி மாதிரி ஒரு நிழல். டாக்டர் திரைகிட்ட குனிஞ்சு பார்த்தார். வெளியே நிக்கிற மகளுக்கு என்ன சொல்றதுன்னு தவிச்சேன். மேசையைச் சாய்ச்சோம், நிழல் நகர்ந்துச்சு. ஒட்டிக்கினு இருக்கிற கட்டி அப்படி நகராது. "நெஜத்தைச் சொல்லுங்க"ன்னு அதட்டினேன். வர்ற வழியில கோயில்ல பிரசாதமா குடுத்த இட்லியாம்! இன்னொரு நாள் வெறும் வயித்தோட வந்து முதல்லேர்ந்து எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார்.

பெரியவருக்குத்தான் கோவம். "சாமி குடுத்ததைப் போய் யாராச்சும் சாப்பாட்டுல சேப்பாங்களா?"

நாள் தள்ளிப் போச்சா?

இதை இன்னைக்கும் மறக்க முடியல. செவிலிமேட்டுப் பொண்ணு ஒருத்தி, ஸ்கூட்டியிலேர்ந்து விழுந்து இடுப்பு வலி. கூட மாமியார். "நாள் தள்ளிப் போயிருக்குதாம்மா?"ன்னு கேட்டேன். இந்த வயசுப் பொண்ணுங்க எல்லார்கிட்டயும் கேக்கிறதுதான். இல்லைன்னு தலையாட்டினா. மாமியாரை வெச்சுக்கினு கேட்டது என் புத்தி கெட்டத்தனம்.

உள்ளே கூட்டிட்டுப் போய்ப் படுக்க வெச்சேன். விரல் பட்டன் மேல இருக்குது. அப்போ மெல்லக் கேட்டா: "அக்கா, இது இடுப்போட நின்னுடுமா, வயித்துக்கும் போவுமா?"

விரலை எடுத்துட்டு அவகிட்ட ஓடினேன். நாள் தள்ளிப் போய் ரெண்டு வாரமாம். போன தடவை சந்தோஷத்துல எல்லார்கிட்டயும் சொல்லி, அது கலைஞ்சு போச்சாம். இந்தத் தடவை மூணு மாசம் முடியாம யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு இருந்தாளாம். ஒரு படத்தால கெடுதல் வர்றது அபூர்வம்னு டாக்டர்ங்க சொல்லுவாங்கதான். ஆனா அந்தப் பொண்ணுக்கு மறுபடியும் ஏதாவது ஆச்சுன்னா, காலம் பூரா என் விரலைத்தானே நினைப்பா?

டாக்டர் காதுல விஷயத்தைப் போட்டேன். இப்போ படம் வேணாம்னார். மாமியார்கிட்ட, மெஷின் ரிப்பேர்னு புளுகினேன். அவங்க என்னை ஓரமா இழுத்துக்கினு போனாங்க.

"ரிப்பேராவே இருக்கட்டும்மா. எனக்கும் பத்து நாளா சந்தேகம்தான். அவளே சொல்லட்டும்னு நானும் கம்முனு இருந்துட்டேன்."

எலும்பு வரைக்கும் காட்டுற மெஷினை வெச்சுக்கினு இருக்கேன்னுதான் பேரு, நீங்க வாயைத் திறக்கலைன்னா எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க.