சூளைக்குப் போகும் அப்பா எந்தக் கதையில்?

படப்பை நூலகத்தில் சிறுவர் நூல்கள் பற்றிக் கருத்துப் படிவம் நீட்டினார்கள். கருத்துக்கு இரண்டு வரி, கையெழுத்துக்கு மூன்று. புதுப் புத்தகத்தின் பசை வாசம் என்னை மெல்ல அறுபது வருடம் பின்னால் இழுத்தது.

அப்போது கருத்து நோட்டு சணல் கயிற்றில் தொங்கும். பத்து வயதில் அதில் எழுதினேன்: "எல்லாக் கதையிலும் அப்பா ஆபீஸ் போகிறார். என் அப்பா செங்கல் சூளைக்குப் போகிறார். அவரை ஏன் சேர்க்கவில்லை?"

நூலகர் சிரித்தார். "இன்னா புள்ள, கருத்தா, புகாரா? புகாருன்னா மூணு பிரதி வோணும்."

மூன்றும் எழுதிக் கொடுத்தேன். என் அலுவலக வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது.

செம்மண் காலோடு உள்ளே வரக் கூசி, என்னைக் கூட்டிப்போக வந்த அப்பா ஜன்னலுக்கு வெளியே நின்றார். நூலகரே என் புகாரை அவருக்குப் படித்துக் காட்டினார்.

"நம்ம கதைய எவன் சார் படிப்பான்?" என்றார் அப்பா. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவர் நகரவில்லை.

"இன்னொரு தபா படிங்க சார்."