வள்ளத்தில் ஏறாதை

அகதியாக வந்த நாட்டில், வைலே நகரத்தில் நான் வேலை செய்த இறைச்சித் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது, கொமூன் என்கிற நகரசபை அலுவலகம் என்னை ஒரு போர்ப்படகுக்கு அனுப்பியது. பகிடி இல்லை. சில்க்போர்க் பக்கம் ஏரிக்கரையில் இரும்புக்காலத்துச் சண்டைப் படகுகள் இரண்டைப் பழைய மாதிரியிலேயே செய்து வைத்து, சனி ஞாயிறுகளில் சனத்துக்குச் சண்டை காட்டுகிற இடம் ஒன்று இருந்தது. வேலையில்லாதவனுக்கு அங்கே பயிற்சி வேலை. படகுக்குத் தார் பூச வேண்டும், கயிறு திரிக்க வேண்டும், சண்டைக்கு ஆள் குறைந்தால் ஏறித் துடுப்புத் தண்டு வலிக்க வேண்டும்.

கவண் எறிய எனக்கு யாரும் பழக்க வேண்டியிருக்கவில்லை. வயலில் கிளி கலைத்த கை. முதல் நாளே முப்பது அடிக்கு அப்பால் நின்ற வாளியை விழுத்தினேன், தோற்கிற படகின் முனையில் என்னைக் கவண்காரனாக நிறுத்திவிட்டார்கள். எறிவது தோலுக்குள் கம்பளி அடைத்த உருண்டைகள். தண்ணீரில் ஊறினால் அவையும் கல்லுக்குக் கிட்டத்தான். என் உதடு இரண்டு தரம் கிழிந்தது. எங்கள் படகில் ஒருவனுக்குத் தோள் எலும்பு வெடித்தது.

படகில் ஒளிக்க இடமில்லை என்பதை அங்கேதான் கண்டேன். தண்டு வலிப்பவன் எதிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறான். அவன் குனிந்தால் படகு நிற்கும், படகு நின்றால் எல்லாருக்கும் விழும்.

சண்டை முடிந்ததும் தோற்றவர்கள் கரையில் முழங்காலிட்டு இருந்து ஆயுதங்களைக் கொடுக்க வேண்டும். வென்றவர்களின் தலைவனாக நடித்தவன் சில்க்போர்க்கில் ஒரு பிளம்பர், பெரிய தாடிக்காரன், நல்ல மனுசன். அவன் எங்கள் மரவாள்களைக் கோடாலியால் பிளந்து, கவண்களை அறுத்து, ஏரிக்குள் எறிவான். அந்தக் காலத்து வழக்கம் அதுதானாம். பிறகு எல்லோரும் சேர்ந்து கோப்பி குடிப்போம், அவன் மனைவி சுட்டுக் கொடுத்துவிட்ட கறுவா பணிஸ் சாப்பிடுவோம்.

அந்த மே மாதம் வன்னியில் சண்டை முடிந்துகொண்டிருந்தது. என் தம்பி அதற்குள்ளே நின்றான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தார் வாளியோடு நான் நின்றபோது அவனுடைய அழைப்பு வந்தது. பின்னால் ஷெல் விழுகிற சத்தம் கேட்டது.

"அண்ணை, ரெண்டு நிமிசம்தான் கதைக்கலாம். ஒரு வள்ளம் இந்தியாவுக்கு வெளிக்கிடுது. எஞ்சின் இல்லை, தண்டு வலிச்சுத்தான் போகோணும். எனக்கு ஒரு இடம் வைச்சிருக்கினம். இல்லாட்டிச் சனத்தோட கையைத் தூக்கிக்கொண்டு போறதுதான். என்ன செய்ய?"

"வள்ளத்தில ஏறாதை. அதில ஒளிக்க இடமில்லை. முதுகிலதான் விழும். கையைத் தூக்கிக்கொண்டு போ. இவ்வளவு சனத்துக்கு முன்னால ஒண்டும் செய்யமாட்டாங்கள்."

"ஓம் அண்ணை. அப்ப போறன்."

கடற்சண்டையில் ஊறியவன் மாதிரிச் சொன்னேன். கம்பளி உருண்டையால் அடி வாங்கியதுதான் என் அனுபவம்.

அதற்குப் பிறகு செய்தி ஒன்றுதான் வந்தது. கையைத் தூக்கிக்கொண்டு போனான், பெயரைப் பதிந்தார்கள், ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள் என்று முகாமிலிருந்த உறவுக்காரி சொன்னாள். பஸ் எங்கே போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு கிழமை கழித்து, வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று சனிக்கிழமைச் சண்டைக்குப் போனேன். வழமைபோலத் தோற்றோம், முழங்காலில் இருந்தோம். பிளம்பர் வாள்களைப் பிளந்து தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோனான். பார்வையாளர்களில் ஒரு கிழவி, சரணடைந்தவர்களை என்ன செய்தார்கள் என்று கேட்டாள்.

"அது தெரியாது," என்றாள் விளக்கம் சொல்கிற பெண். "அவர்களுடைய வாளும் ஈட்டியும் படகும் சேற்றுக்குள் கிடைத்தன. ஆட்கள் மட்டும் கிடைக்கவில்லை."

இதை அவள் ஒவ்வொரு சனியும் சொல்லுவாள். நான் கோப்பியை நினைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

"கவணையும் கொண்டுவா," என்று பிளம்பர் தண்ணீருக்குள் நின்று கூப்பிட்டான்.

என் முழங்காலுக்குக் கீழே ஒரு கல் இருந்தது, முட்டை அளவு. எழும்பி, ஒரே சுற்றில் விட்டேன். தேங்காய் உடைகிற மாதிரிச் சத்தம் வந்தது. அவன் கன்னம் உள்ளே போயிற்று. தாடியெல்லாம் இரத்தம், பல் ஒன்று தொங்கியது, மல்லாக்க விழுந்தான். சனம் கைதட்டியது. நான் இரண்டாவது கல்லை எடுத்துவிட்டேன், கண்ணுக்குத்தான் குறி வைத்தேன். கொன்றிருப்பேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் படகுக்காரர் மூன்று பேர் என் மேல் விழுந்து, கையை மிதித்து, விரலை முறித்துத்தான் கல்லைப் பிடுங்கினார்கள். மணலுக்குள் முகம் புதைந்து கிடந்தபோதும் கைதட்டல் கேட்டது.

பிளம்பரின் கன்ன எலும்பு மூன்று துண்டு, கண் தப்பியது. ஆஸ்பத்திரியில் பொலிஸிடம், விளையாட்டில் தவறிப் பட்டது என்று சொல்லிவிட்டான். பார்க்கப் போன என்னிடம், கட்டுப் போட்ட வாயால், தார் பூசுகிறபோது நான் சொல்லியிருந்த தம்பியைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று கேட்டான். அந்த நல்ல குணத்தை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. என்னை யாராவது உள்ளே போட்டிருக்க வேண்டும்.

இலையுதிர்காலத்தில் இந்தியாவிலிருந்து ஒருவர் போன் எடுத்தார். அந்த வள்ளத்தில் போனவராம்.

"ஒன்பது நாள் கடல்ல கிடந்தம். ஆனா எல்லாரும் கரை சேந்திட்டம். தம்பி வருவார் எண்டு கடைசி மட்டும் அவற்ற தண்டை ஒருத்தருக்கும் குடுக்கேல்லை."

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து ஞாயிறு தோறும் எடுப்பார். சாப்பிட்டாயா, பிள்ளைகள் எப்படி என்று கேட்டுவிட்டு, கடைசியில் அதற்கு வருவார்.

"அவனாப் போயிருக்கமாட்டான், ராசா. ஆரோ போகச் சொல்லியிருக்கிறான். அப்பிடிச் சொன்னவன்ர குடி விளங்காது."

"ஓம் அம்மா," என்று சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறு எடுக்கச் சொல்லுவேன்.