இடது பக்கம் மட்டும் குறைவாகப் பாடிய மூன்று பிளேயர்கள்

எங்கள் வீட்டுக்குள் வந்த எந்தப் பொருளும் அம்மாவின் விரல் முட்டியால் ஒரு குட்டு வாங்காமல் வந்ததில்லை. தேங்காய், தர்பூசணி, தண்ணீர்ப் பானை இதையெல்லாம் எல்லா வீட்டிலும் தட்டிப் பார்ப்பார்கள். அம்மா பிளாஸ்டிக் வாளியைத் தட்டுவாள், மரக் கட்டிலைத் தட்டுவாள், ஓசூரில் அண்ணன் வாடகைக்குப் பிடித்த வீட்டின் சுவரையும் தட்டினாள். தட்டிவிட்டு இடது காதைச் சற்றே சாய்ப்பாள். பிறகு "ம்" என்றால் வாங்கலாம், "வேணாம்" என்றால் திரும்பிவிட வேண்டும். வாக்குவாதம் கிடையாது.

அதுதான் அவள் வேலையும். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் பதினைந்து வருடமாகச் செக்கிங் மேசையில் இருந்தாள். சூளையிலிருந்து வரும் கப்புகளையும் ஃபியூஸ் கட்டைகளையும் ஒவ்வொன்றாக இடது கையில் எடுத்துக் காதருகே பிடித்து, வலது கையிலுள்ள சின்ன மரக்குச்சியால் ஒரு தட்டு. கணீர் என்றால் நல்லது. டொக் என்றால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது, கழிவுக் கூடைக்குப் போக வேண்டியதுதான். ஜன்னலோர மேசை, உட்கார்ந்து செய்யும் வேலை, சூப்பர்வைசரே "அக்கா" என்று கூப்பிடும் மரியாதை எல்லாம் அந்தக் காதுக்குத்தான்.

நான் பாட்டு கேட்க ஒரு பிளேயர் வாங்கக் கிளம்பிய மாதத்தில் அந்த மரியாதைக்கு ஓர் ஆபத்து வந்திருந்தது. அம்மா பார்த்து அனுப்பிய பெட்டிகளிலிருந்து விரிசல் விட்ட கப்புகள் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டன. "இன்னொரு தபா இப்படி ஆச்சுன்னா உங்கள பேக்கிங்குக்கு மாத்தச் சொல்றாங்கக்கா" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். பேக்கிங் என்றால் நாளெல்லாம் நின்றுகொண்டு வைக்கோல் சுற்றுவது. அம்மா அதை எங்களிடம் சொன்னபோது மண் சரியில்லை என்றாள். மறுநாள் புதுச் சூளை சரியில்லை என்றாள்.

நான் அப்போது செராமிக் டிப்ளமோ முடித்து, கூரை ஓட்டுக் கம்பெனி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அண்ணன் ஊரைவிட்டுப் போகும்போது தன் ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களையும் வீட்டில் விட்டுப் போயிருந்தான். கேசட் டெக் மட்டும் செத்துவிட்டது. ஸ்பீக்கர் பெட்டிகள்மேல் அப்பா தன் லாரிச் சாவியையும் மூக்குக் கண்ணாடியையும் வைக்கத் தொடங்கியதும், இனிப் பொறுக்கக்கூடாது என்று ஒரு டிஸ்க் பிளேயர் வாங்க முடிவு செய்தேன்.

எதையும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் செய்வேன். பாட்டு மட்டும் பாடும் நல்ல சி.டி. பிளேயர் சென்னையில்தான் கிடைக்கும், அதன் விலைக்கு எங்கள் வீட்டில் ஒரு ஃபிரிட்ஜ் வந்துவிடும். அதனால் டிவிடி பிளேயர், மூவாயிரத்துக்குள். பின்பக்கம் ஆம்ப்ளிஃபயருக்குப் போகச் சிவப்பு, வெள்ளை சாக்கெட்டுகள் இருக்க வேண்டும். முன்பக்கம் பாட்டு எண்ணைக் காட்டும் திரையும் அடுத்த பாட்டுக்குப் போகும் பொத்தானும் கட்டாயம். மலிவுப் பிளேயர்களில் இவை இருக்காது. ஒரு பாட்டை மாற்ற டிவியையும் போட்டாக வேண்டும். பிரவுசிங் சென்டரில் பாட்டுப் பதிந்து வாங்கிய டிஸ்க்கையும் முகம் சுளிக்காமல் பாட வேண்டும். கரண்ட் ஏறி இறங்குவதைத் தாங்க வேண்டும். ரிப்பேர் என்றால் கடலூர் வரை தூக்கிக்கொண்டு ஓட வைக்கக் கூடாது. கடைசி வரியில் "அம்மாவின் காது" என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

அதை வேண்டுமென்றேதான் எழுதினேன். அந்த வாரம் அவளுக்கு அது தேவை என்று தோன்றியது. "நீ வந்து கேட்டுச் சொன்னாதாம்மா வாங்குவேன்" என்றதும் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டாள்.

பாலக்கரை பக்கத்தில் இருந்தது கடை. கடைக்காரர் நாற்பது வயதுக்காரர், வாய் ஓயாதவர். என் நோட்டைப் பார்த்ததுமே, "தங்கச்சி, பொண்ணு பாக்கப் போறவங்ககூட இவ்ளோ கேள்வி எழுதிக்கிட்டு வரமாட்டாங்க" என்றார். என் பட்டியலுக்குத் தேறியவை மூன்று. அம்மா முதலாவதன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"உள்ள காலியா இருக்குது தம்பி."

"யக்கா, அது தேங்கா இல்ல. எல்லாக் கம்பெனியும் உள்ள காலியாத்தான் வுடுறான். சூடு போவணும் இல்ல?"

"காலியா இருக்கறதுக்கா இம்மாங் காசு?"

வெளியே சேத்தியாத்தோப்பு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றதில் அங்கே பாட்டு கேட்டு ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் வைத்துக் கேட்டுப் பாருங்கள், பிடிக்காவிட்டால் மூன்று நாளில் கொண்டுவாருங்கள் என்றார். வெள்ளி நிறத்தில் இருந்த முதலாவதை எடுத்துவந்தோம்.

ஸ்பீக்கர்களுக்கு நேர் நடுவில் அம்மாவுக்கு நாற்காலி போட்டேன். இரண்டு பெட்டிக்கும் இடையே இருக்கும் தூரம் எவ்வளவோ, அவற்றிலிருந்து நாற்காலிக்கும் அதே தூரம். டேப் வைத்து அளந்தேன். அப்பா வாசற்படியில் நின்று, "வூடு கட்டறியா, பாட்டு கேக்கறியா?" என்றார். பாட்டு வந்தது. எனக்கு அழகாகத்தான் கேட்டது. வயலின் கூட்டம் ஒரு பக்கம், தபலா ஒரு பக்கம், பாடும் குரல் நடுவில், சுவரிலிருந்து இறங்கி வந்தது போல.

அம்மா மட்டும் தலையை ஆட்டினாள். "எடது பக்கம் தூரமா இருக்குது."

"எனக்கு சரியா கேக்குதேம்மா."

"உனக்கு என்னா தெரியும்? பாடறவங்க அந்தப் பக்கம் ஒதுங்கி நிக்கறாங்க பாரு."

மூன்றாம் நாள் பிளேயரைத் திருப்பிக் கொண்டுபோனோம். அடுத்தது கறுப்பு, மெலிசு, விலை கொஞ்சம் கூடுதல். அதிலும் இடது பக்கம் தூரம். கடைக்காரரின் சிரிப்பு குறைந்தது. "எடது பக்கம் வாஸ்து சரியில்லையோ என்னமோக்கா" என்றார். மூன்றாவதைக் கொடுத்து, இதற்குமேல் தன் கடையில் சரக்கு இல்லை என்றும் சொன்னார். அதிலும் இடது பக்கம் தூரம்.

என் பரிசோதனைக் கூடத்தில் ஓர் எடைத் தராசு தப்பு காட்டினால் முதலில் நான் என்ன செய்வேன்? அதே ஓட்டுத் துண்டை வேறு தராசில் வைப்பேன். அதே தராசில் வேறு ஓட்டுத் துண்டை வைப்பேன். இது முதல் வாரமே சொல்லித் தரும் பாடம். வீட்டில் சிவப்பு, வெள்ளை வயர்களை ஒரு முறை மாற்றிச் சொருகியிருந்தால் முதல் நாளே விஷயம் முடிந்திருக்கும். எனக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் அம்மாவின் காது அளக்கும் கருவி, அளக்கப்படும் பொருள் அல்ல. மூன்று கம்பெனிகளும் இடது பக்கத்தில் கோட்டை விட்டிருக்கும் என்பதைத்தான் நான் நம்பினேன்.

மூன்றாவதையும் திருப்பித் தரலாமா என்று கேட்க அந்தச் சனிக்கிழமை தனியாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "தங்கச்சி, நீங்க மொதல்ல திருப்பிக் குடுத்தீங்க பாரு, அந்த வெள்ளிப் பொட்டி. கம்மாபுரத்துக்காரர் ஒருத்தரு மறுநாளே வாங்கிட்டுப் போனாரு. ரெண்டு பக்கமும் கும்முனு கேக்குதுன்னு நேத்து வந்து மச்சானுக்கும் ஒண்ணு வாங்கினாரு. தப்பா நெனைக்காதீங்க, உங்க வூட்டுல வேற எங்கனா பாருங்க."

கோபம்தான் வந்தது. சைக்கிளில் ஜங்ஷன் ரோடு தாண்டுவதற்குள் அது பயமாக மாறிவிட்டது. திரும்பி வந்த கப்புகள் நினைவுக்கு வந்தன. அம்மா கப்பைப் பிடிப்பது எந்தக் கையில், எந்தக் காதருகில் என்பதும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டானதும், அம்மாவை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். கண்ணை மூடிக்கொள் என்றேன். வயர்களை இடம் மாற்றினேன்.

"எந்தப் பக்கம்மா தூரம்?"

"எடது பக்கம்தான்."

ஸ்பீக்கர் பெட்டிகளையே தூக்கி இடம் மாற்றினேன். அப்பா ஒன்றைப் பிடித்தார், முனகிக்கொண்டே.

"இப்ப?"

"எடது பக்கம். அதான் சொல்றேன் இல்ல, மூணும் ஒரே திருட்டுக் கம்பெனி."

அடுத்ததைச் செய்யாமலேயே விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நின்றேன். பிளேயரில் குறை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் கப்புகள் பேசாமல் இருக்காது, மறுபடி திரும்பி வரும். "எழுந்து நில்லும்மா" என்று நாற்காலியைத் திருப்பி, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உட்கார வைத்தேன்.

"இப்ப எந்தப் பெட்டி தூரம்? கைய நீட்டிக் காட்டு."

அம்மா இடது கையை நீட்டினாள். நீட்டிய கையை இறக்காமல் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தாள். சற்று முன்பு வரை வலது பக்கம் நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பெட்டியை அவள் கை காட்டிக்கொண்டிருந்தது. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. வலது காதை உள்ளங்கையால் பொத்தினாள். எடுத்தாள். மறுபடி பொத்தினாள்.

"நிறுத்து" என்றாள். நிறுத்தினேன்.

"எத்தினி நாளா இப்படி இருக்குது?" என்று எங்களைக் கேட்டாள், என்னவோ நாங்கள்தான் எழுதி வைத்திருப்போம் என்பதுபோல. அப்பா ஏதோ கேலி சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் பட்டியல் போட ஆரம்பித்தேன். காது டாக்டர் கடலூரிலிருந்து புதன்கிழமை வருவார், அதுவரை கம்பெனிக்கு லீவு சொல்லலாம், யாரிடமும் மூச்சு விட வேண்டாம் என்று. அம்மா பாதியில் நிறுத்தினாள். "மொதல்ல அந்தத் தம்பிகிட்ட சொல்லணும். நல்ல பொட்டிய நொள்ளன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"அந்தக் கடைக்காரர் தங்கச்சி உங்க கம்பெனி பேக்கிங்லதான இருக்காங்க? நாளைக்குக் காலையில கம்பெனி பூரா தெரிஞ்சிடும்மா."

"தெரியட்டும். சூப்பர்வைசர்கிட்ட அதுக்கு முன்னாடி நான் சொல்லிடறேன்."

அன்று சாயங்காலமே கடைக்குப் போய்ச் சொன்னாள். "உன் பொட்டிமேல குத்தம் இல்ல தம்பி. கோளாறு என் காதுல." எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் மனிதர் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்கக்கா" என்றதோடு நிறுத்திக்கொண்டார். மூன்றாவது பிளேயரை நாங்களே வைத்துக்கொண்டோம். மூன்றில் அதுதான் விலை குறைவு. அதன் திரையில் எழுத்தும் பெரிது.

மறுநாள் அம்மா சொன்னதைச் சூப்பர்வைசர் கேட்டுக்கொண்டு, டாக்டர் பார்க்கும்வரை மேசைக்கு வேறு ஆளைப் போட்டார். அம்மா அந்த வாரம் பேக்கிங்கில் நின்றாள். சாயங்காலம் காலை நீட்டி உட்கார்ந்து வைக்கோல் தூசியைத் தும்மினாள். புதன்கிழமை டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, உள்ள செங்கல் சூளையே போட்டு வச்சிருக்கீங்க" என்றார். காது அழுக்கும் கம்பெனித் தூசியும் சேர்ந்து இறுகிக் கிடந்ததாம். சொட்டு மருந்து விட்டு, நாலு நாள் கழித்துக் கடலூருக்கு வரச் சொல்லித் தண்ணீர் பீய்ச்சி எடுத்தார். உளுந்தளவு ஒரு கட்டி. முழுக்கச் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. மெல்லிய சத்தங்கள் அந்தக் காதில் கொஞ்சம் குறைவுதான், அது வயதோடு வருவது, அப்படியே இருக்கும் என்றார்.

"அப்போ மேசை?" என்றேன், பஸ் ஸ்டாண்டில்.

நின்றிருந்த பஸ்ஸின் பக்கத் தகட்டை ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு தலையைத் திருப்பி, வலது காதைச் சாய்த்து இன்னொரு தட்டு.

திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம், "ஒரு வாரம் குடுங்க. அதுக்கப்புறமும் விரிசல் போனா நானே பேக்கிங்குக்குப் போயிடறேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாளாம். ஒவ்வொரு கப்பையும் இடது காதருகே ஒரு தட்டு, கை மாற்றி வலது காதருகே ஒரு தட்டு. பதினைந்து வருடப் பழக்கம் இடறிக்கொண்டே இருந்தது, முதல் நாள் இரண்டு கப் கை நழுவி உடைந்தன. அந்த வாரம் பெட்டி ஒன்றும் திரும்பி வரவில்லை. ஆனால் தினமும் வழக்கமான பெட்டிகளில் முக்கால்வாசிதான் முடிந்தன.

சனிக்கிழமை சாயங்காலம், சோற்றைப் பிசைந்துகொண்டே மீதியைச் சொன்னாள்.

"இவ்ளோ மெதுவா பாத்தா எப்படிக்கான்னு சூப்பர்வைசர் வந்து நின்னான். உனக்கு வேகமா வேணுமா, விரிசல் இல்லாம வேணுமான்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"ரெண்டும் வேணும்னான். அப்போ ரெண்டு அக்காவ வேலைக்கு வையின்னேன்." ரசத்தை ஊற்றிக்கொண்டாள். "மேசையில இருந்த பெட்டிய எண்ணினான். திரும்பி வந்தது ஒண்ணுமில்லன்னு அவனுக்கும் தெரியும். அடுத்த தட்டு கப்ப அவனே தூக்கிட்டு வந்து என் முன்னாடி வச்சிட்டுப் போனான்."