கை மாறிய புடவை

காஞ்சிபுரத்தில் நானும் என் மனைவியும் நெசவாளிகள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் அவளுக்குப் புற்றுநோய் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். "சாதாக் கட்டிதான், ஒண்ணும் பயமில்ல" என்றேன் அவளிடம். அவள் நம்பட்டும் என்று அவள் தறியில் ஒரு முகூர்த்தப் புடவைக்கான பாவு நூலும் புதிதாக ஏற்றிக்கொடுத்தேன்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைக் கேட்ட கேள்விக்கெல்லாம் நானே பதில் சொன்னேன். ஒரு நாள் அவர், "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. அவங்களே பேசட்டும்" என்றார். கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டேன்.

"முகூர்த்தப் பொடவ நெய்ஞ்சிக்கினு இருக்கறேன் சார். பாதியில கை மாறினா துணியில தெரிஞ்சிடும். நான் முடிப்பனா, மாட்டனா? அத மட்டும் சொல்லுங்க."

டாக்டர் உள்ளதைச் சொன்னார்.

"மொதல்லியே தெரிஞ்சிருந்தா பாவு ஏத்த உட்டிருக்க மாட்டேன் சார்" என்றாள்.

வெளியே வந்து, "டீ குடிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மீதியை நான்தான் நெய்தேன். கை மாறிய இடம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் இன்றுவரை என்னைக் கூசவைப்பது அதுவல்ல. முடிப்பேனா, மாட்டேனா என்ற அந்தக் கேள்வியை அவள் என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டால் பொய்தான் சொல்வேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.