திருஷ்டி பொம்மையும் ஒன்றரை டிகிரியும்

மாடம்பாக்கத்தில் ஒரு மனைக்கு மூலைக்கல் நட வேண்டியிருந்தது. மனைக்காரர் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர். அன்றைக்குப் பட்டறையை மூடிவிட்டு வந்திருந்தார். காரணம், மறுநாள் ஆடி பிறக்கிறது. ஆடியில் சுற்றுச்சுவர் வேலை தொடங்க அவருடைய மாமியார் சம்மதிக்க மாட்டார்.

"இன்னிக்கு விட்டா ஆவணிதான் சார். மேஸ்திரி அதுக்குள்ள ஊரப்பாக்கத்துல வேற வேலை புடிச்சிடுவாரு. அஞ்சு மணிக்குள்ள கல்லு நின்னாகணும்."

"நிக்கும்," என்றேன்.

நில அளவைக்கு நான் வழக்கமாகக் கொண்டுபோகும் டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணுக் கருவி பழுதுபார்க்கப் போயிருந்ததால், கோணம் அளக்க பீரோ மேலிருந்த பழைய தியோடலைட்டை இறக்கிக் கொண்டுபோயிருந்தேன். முக்காலியை விரித்து, தூக்குக் குண்டு கீழே அடித்த ஆணியின் தலைக்கு நேராக வரும்வரை கால்களை நகர்த்தி, திருகுகளைத் திருப்பி, மட்டம் காட்டும் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தேன். குமிழ் நடுவில் நிற்பதைப் பார்க்கும்போது வரும் நிம்மதி எனக்கு வேறெதிலும் வருவதில்லை. இது என் மனைவிக்கும் தெரியும்.

அடுத்து, தூரத்தில் அசையாத ஒரு குறி வேண்டும். அதைப் பூஜ்யமாக வைத்துத்தான் மற்றக் கோணங்களை அளக்க வேண்டும். நான் வழக்கமாகப் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியை ஒரு புதிய அடுக்குமாடி மறைத்திருந்தது.

"அதோ கீது பாரு சார்," என்றார், பல வருடமாக எனக்கு அளவுக் கம்பு பிடிக்கும் உதவியாளர்.

எதிர்த் தெருவில் பாதி கட்டிய வீடு. முதல் மாடியின் முன்னால் வரிசையாக நின்ற சாரக் கம்புகளில் ஒன்றில் திருஷ்டி பொம்மை கட்டியிருந்தார்கள். முறுக்கு மீசை, தொங்கும் நாக்கு, நெற்றியில் சிவப்புப் பொட்டு. கருவியின் குறுக்குக் கோடுகள் அந்தப் பொட்டில் அழகாகப் பொருந்தின. பழைய கருவியில் உருவம் தலைகீழாகத்தான் தெரியும். பொம்மை என்னைப் பார்த்து ஆகாயத்துக்கு நாக்கை நீட்டியது.

பொம்மையிலிருந்து பக்கத்து மனையின் பழைய கல்வரை கோணத்தை அளந்தேன். பிறகு விதிப்படி கருவியின் தொலைநோக்கியைக் கவிழ்த்து மறுபடி அளந்தேன். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒன்றரை டிகிரி வித்தியாசம். கோணக் கணக்கில் சில விநாடிகள் பிசகினாலே எனக்கு அன்று சாப்பாடு இறங்காது.

குமிழைப் பார்த்தேன், நடுவில் இருந்தது. குண்டும் ஆணிக்கு நேராக இருந்தது.

"முக்காலியில சாஞ்சீங்களா?" என்று உதவியாளரைக் கேட்டேன்.

"நா கல்லாண்ட நிக்கிறேன், சார். இங்கேர்ந்து எப்டி சாயறது?"

மூன்றாவது முறை வித்தியாசம் எதிர்ப்பக்கம் வந்தது. வெயில் காரணமாக இருக்கலாம் என்று கருவிக்குக் குடை பிடிக்கச் சொன்னேன். தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் பயிற்சி விமானங்களின் அதிர்வைச் சந்தேகித்து, ஒவ்வொன்றும் போகும்வரை காத்திருந்தேன். குடை பிடித்த மனைக்காரர், "மணி நாலாயிடுச்சு சார்," என்றார்.

மீண்டும் பொம்மையைப் பார்த்தேன், கல்லுக்குத் திருப்பினேன். கண் வலித்ததால் தலையைத் தூக்கினேன். எதிர் வீட்டு மாடியில் ஒரு பெண்மணி பொம்மையை அவிழ்த்து, குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த கம்பை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"அம்மா! அதை ஏன் கழட்டுறீங்க?"

"இன்னா சார் இப்டி கேக்குறீங்க? காலைலேர்ந்து ஒத்தக் கண்ண மூடிகினு எங்க வூட்டையே மொறச்சிகினு கீறீங்க. இப்போ அந்தப் பக்கம் திரும்புனீங்க. நீங்க திரும்புற பக்கமெல்லாம் பொம்மைய மாத்தி மாட்ட வாணாமா?"

"நான் வீட்டைப் பாக்கலம்மா. பொம்மையைத்தான் பாக்கறேன்."

"அதுக்குத்தான மாட்டிகீது! அப்புறம் உங்களுக்கு இன்னா பேஜாரு?"

தொலைநோக்கியில் முகமும் ஒரு துண்டுக் கம்பும்தான் தெரியும். எல்லாக் கம்பும் ஒரே மாதிரி. அது கம்பு மாறியது தெரியாமல், ஒவ்வொரு முறையும் நான் பொம்மையைத் தேடித் தேடிக் கண்டுபிடித்துத் துல்லியமாக அளந்திருக்கிறேன். உதவியாளர் சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த அளவுக் கம்பு கீழே விழுந்தது.

மனைக்காரர் குடையோடு ஓடினார். "அக்கா, அரை மணி நேரம் அது ஆடாம இருக்கட்டும்க்கா! நாளைக்கு ஆடி பொறக்குது. இன்னிக்கே கல்லு நடணும்!"

"அத்த மொதல்லயே சொல்றதுக்கின்னா?" என்றார் அவர். பொம்மையை இறுக்கிக் கட்டினார். கொஞ்சம் யோசித்தார். "அப்போ அந்தப் பக்கத்துக்கு நானே நிக்கிறேன்."

நின்றார். இடுப்பில் கை வைத்து, கண்ணை உருட்டி, நான் கருவியைத் திருப்பத் திருப்பக் கூடவே நகர்ந்தார். ஒருமுறை தொலைநோக்கியிலும் வந்து போனார், தலைகீழாக. நாக்கை மட்டும்தான் நீட்டவில்லை.

கோணங்கள் ஒத்துப்போயின. புதிய கல்லின் இடத்தைக் குறித்துக் கொடுத்தேன். ஐந்து மணிக்கு முன் மேஸ்திரி கல்லை நட்டு, மஞ்சள் பூசி, பால் ஊற்றினார். மனைக்காரர் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, எங்கேயோ ஓடிப்போய் ஒரு புதுத் திருஷ்டி பொம்மையோடு திரும்பி வந்தார். மனையில் ஒரு கம்பை நட்டு, அதை எதிர் வீட்டைப் பார்த்தபடி அந்தக் கம்பில் கட்டினார்.

"அந்தக்கா ரொம்ப நேரம் நம்ம மனையவே பாத்துட்டு இருந்தாங்க சார்," என்று என் காதில் சொன்னார்.

நான் பொம்மையைப் பார்த்தேன். நெற்றிப் பொட்டு சற்று இடப்பக்கம் தள்ளியிருந்தது. அதை நடுவில் வைக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.